கூப்பிடு தூரம்

திண்டிவனம் பக்கத்துத் தெருக்களில் ஒரு பெண் கோழியைத் திட்டுகிற சத்தம் கேட்டால், கோழி என்ன செய்தது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்றுதான் பார்ப்பார்கள். "ஊரான் ஊட்டு நெல்லுல வாய வெச்சே ஒடம்ப வளக்கற கோயி, இருக்குது உனுக்கு இன்னிக்கி" என்று ஒரு குரல் எழும்பும். அடுத்த வாசலில் பாத்திரம் விளக்குகிறவர் தலை நிமிர மாட்டார். பாத்திரச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். சற்றுக் கழித்து அவரும் தன் வீட்டு ஆட்டைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு இப்பிடி முழிக்கிற? நாம எவ ஊட்டுப் படியேறி எத்த கேட்டோம்?" என்பார். ஆடு தழையைத் தின்றுகொண்டிருக்கும். இப்படி ஒரு கோழியும் ஓர் ஆடும் நடுவே நிற்க, திரும்பி வராத அரைப்படி அரிசியோ குழாயடியில் குடம் நகர்த்திய விவகாரமோ பேசித் தீர்க்கப்படும்.

இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். தமிழ்நாடெங்கும் உண்டு. ஆனால் இதற்குள் இருக்கிற நாகரிகத்தை யாரும் பாராட்டி எழுதி நான் படித்ததில்லை. சாடையில் பெயர் வராது. செத்தவர்களை இழுப்பதில்லை, பிள்ளையில்லாத குறையை இழுப்பதில்லை. இழுத்துவிட்டால் அது சண்டையாகிவிடும், மண்ணை வாரித் தூற்றுவது வரைக்கும் போகும். சாடை அதற்கு முந்தைய படியிலேயே நின்றுகொள்கிறது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது, யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவும் இல்லை. "நான் எங்கூட்டுக் கோயிய சொன்னன், உனுக்கு இன்னா வந்துது?" என்று எந்த நேரத்திலும் இறங்கி வந்துவிடலாம். நாளைக்கும் அதே சுவரின் இரண்டு பக்கத்தில் கண் விழிக்க வேண்டியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

சாடைக்கு அடுத்த கட்டத்தில் பிள்ளைகள் வருவார்கள். இரண்டு பெண்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள், நடுவில் ஆறு வயதுச் சிறுமி. "பாப்பா, கரண்ட்டு பில்லு கட்ட நாளிக்குத்தான் கடேசி நாளாம், உங்கம்மாவாண்ட சொல்லு." அம்மா உடனே, "கட்டியாச்சாம்னு சொல்லு பாப்பா." பாப்பா வாயைத் திறக்கும் முன்பே பேச்சு முடிந்திருக்கும். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இப்படிச் சில நாள் போகும். பிறகு ஒரு காலைப் பொழுதில், சுவருக்கு மேலே ஒரு தலை தெரியும். "இன்னா கொழம்பு?" என்று கேட்கும். "இன்னா கொழம்பு போ, அதே கருவாட்டுக் கொழம்புதான்." முடிந்தது. மன்னிப்பு, சமாதானம், பஞ்சாயத்து எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. இந்தத் தெருக்களில் 'இன்னா கொழம்பு' என்பதை வேடிக்கைக் கேள்வியாக நினைத்து யாரும் மெத்தனமாகப் பதில் சொல்வதில்லை.

'உங்கம்மாவாண்ட சொல்லு' என்றதில் வந்த அந்த 'ஆண்ட'வைச் சொல்ல வேண்டும். ஊட்டாண்ட, ஏரியாண்ட, கடையாண்ட, பஸ் ஸ்டாண்டாண்ட. இடத்துக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் அதேதான்: "அவராண்ட கேளு", "எங்காயாவாண்ட குடுத்து வெச்சிருக்கன்". அண்டை வீடு என்று எழுதுகிறோமே, அந்த அண்டைதான் இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொண்டு புழங்குகிறது. ஒருவரிடம் பணம் கொடுப்பதையும் கேட்பதையும் சொல்வதையும்கூட அவர் பக்கத்தில் போய் நிற்பதாகவே வைத்துப் பேசுகிற பேச்சு இது. சென்னைப் பேச்சிலும் இது உண்டு என்பார்கள். உண்டு. சினிமா அதைச் சென்னையோடு சேர்த்து நகைச்சுவைக்கு எழுதி வைத்துவிட்டதால், திண்டிவனத்து ஆயா ஒருவர் இயல்பாகப் பேசினாலும் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கிறது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு 40 கிலோமீட்டருக்குள்தான். டவுன் பஸ்ஸும் மப்சல் பஸ்ஸும் மாறிப் போனால், பேச்சு மாறுவது காதிலேயே விழும். திண்டிவனத்தில் ஏறும்போது 'இன்னா', 'பேசிகினு', 'கோயி', 'பொயுது'. விக்கிரவாண்டி வரும்போது 'என்னா'வும் 'பேசிக்கிட்டு'ம் கலந்து ஏறும். விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் என்று தெற்கே போகப் போக 'கோளி'தான் கூவும். எந்த நிறுத்தத்தில் மாறியது என்று கோடு கிழிக்க முடியாது. ஒரே வீட்டில் மாமியார் கோயி என்பார், மருமகள் கோளி என்பார், முட்டை அதேதான். ஆனால் 'நான் போறன்', 'நான் வரன்' என்று தன்மையை 'ன்'னில் முடிப்பது இந்தப் பாதை நெடுகக் கூடவே வரும். அதைக் கேட்டால் எந்த ஊர்க் கூட்டத்திலும் நம் ஆள் என்று தெரிந்துவிடும்.

பெண் கொடுத்து எடுக்கிற இடங்களில்தான் இந்த வேறுபாடுகள் சுவாரஸ்யமாகும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணிடம், "உங்க மாமனாரு எங்க?" என்று யாரோ கேட்க, "கொல்லிக்குப் போறன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் பின்னால் போய்த் தேடினார். தஞ்சாவூரில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். இங்கே அது வானம் பார்த்த பயிர்நிலம். நஞ்சை என்றால் கழனி. மாமனார் ஊருக்கு வெளியே மல்லாட்டைக்குக் களை கொத்திக்கொண்டிருந்தார்.

மல்லாட்டை என்று சொல்லிவிட்டேன், அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மற்ற ஊர்களில் நிலக்கடலை, கடலைக்காய், வேர்க்கடலை. கடல் தாண்டி வந்த பயிரை மணிலாக்கொட்டை என்றார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா எங்கள் ஆயாக்களின் நாக்கில் உருண்டு மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாக வந்து நின்றது. பிடுங்கிய செடியைக் குவித்துப்போட்டுச் சுற்றி உட்கார்ந்து காய் பறிப்பதற்கு 'மல்லாட்ட ஆயறது' என்பார்கள். கை வேலையில் இருக்கும், வாய்க்கு வேலை இல்லை. ஆய்ந்த காய்க்குப் படிக்கணக்கில் கூலி என்பதால் கையின் வேகம் குறையாது, பேச்சின் வேகமும் குறையாது. யார் வீட்டுப் பெண்ணை யார் பார்க்க வந்தார்கள், எந்த மாடு எத்தனைக்கு விலை போனது, போன ஆடியில் கூழ் ஊற்றும்போது யாருக்கு அருள் வந்தது என்று பொழுது சாயும்வரை ஓடும். தாய் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைக்காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் மொழியைக் கற்றுக்கொண்டது அந்தக் குவியலைச் சுற்றித்தான்.

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து வெளியிடும் ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது. 1940இல் வந்த டி.எம்.வி. 2 நிலக்கடலை ரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை உழவர்களின் நிலத்தில் விளைந்தது. அனந்தப்பூர்ப் பக்கத்து விவசாயி திண்டிவனத்தைப் பார்த்திருக்க மாட்டார், ஆனால் அந்த மூன்று எழுத்தையும் விதை மூட்டையில் தேடி வாங்கியிருப்பார். ஊரின் பெயர் அவ்வளவு தூரம் போனது. ஊர்க்காரர்கள் அந்தக் கடலைக்குச் சொல்லும் பெயர் மட்டும் போகவில்லை. விளைந்த காயைக் 'கமிட்டி'க்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, ஏற்றிக்கொண்டு போகிற பெரியவர் மல்லாட்டை என்று சொல்ல, சீட்டில் நிலக்கடலை என்று எழுதப்படும். வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "மல்லாட்ட வெல எறங்கிப்போச்சி" என்று சொல்லியபடி வெளியே வருவார்.

நேரத்தைச் சொல்வதிலும் தூரத்தைச் சொல்வதிலும் எங்கள் ஆட்களுக்குத் தனி அளவுகோல். 'தோ' என்ற ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "தோ வந்துட்டன்" என்று எலெக்ட்ரீசியன் போனில் சொன்னால், அவர் பின்னால் இன்னொரு வீட்டு டிரில்லிங் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். "தோ தெரியுது பாரு" என்று வழி சொன்னால், அங்கே ஒன்றும் தெரியாது. இரண்டு திருப்பம் தாண்டித்தான் தெரியும். இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்கிறவரின் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்கிற கரிசனம் அதில் இருக்கிறது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்" என்று வெயிலில் நிற்கிற ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் பெரியவர்களுக்கு வாய் வராது.

வழிக்கு அவர்கள் சொல்லும் அடையாளங்களோ பெரும்பாலும் இல்லாதவை. வெட்டிவிட்ட புளியமரம், மூடிப்போன டூரிங் கொட்டாய், தூர்த்த கிணறு. புளியங்காட்டால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் திண்டிவனத்தில் புளியமரத்தடி என்பது இன்று பல இடங்களில் மரமில்லாத முகவரிதான். விழுப்புரத்தில் புதுப் பஸ் ஸ்டாண்டு கட்டி இவ்வளவு காலமாகியும் அது புதுசுதான். அது ஏரி இருந்த இடம். பெருமழைக்கு அங்கே தண்ணீர் நிற்கும்போது, "ஏரி அது ஊட்டுக்கு வந்துட்டுப் போவுது" என்பார்கள். திண்டிவனத்து ஷேர் ஆட்டோக்காரர் "கெடங்கல், கெடங்கல்" என்று ஆள் கூப்பிடுவார். சிறுபாணாற்றுப்படை பாடுகிற ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் அதுதான். நற்றிணையில் பாட்டெழுதிய காவிதிக் கீரங்கண்ணனார் அந்த ஊர்க்காரர். ஈராயிரம் ஆண்டுக்கு அருகில் ஒரு பெயர் வாயிலிருந்து வாய்க்கு மாறிவந்து, இரண்டே எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. கல்வெட்டைவிட உறுதியான பொருள் வாய்தான் என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

புதிதாக ஒரு குடும்பம் தெருவுக்கு வாடகைக்கு வந்தால், முறை கண்டுபிடிக்கும் வேலை தொடங்கும். "நீங்க எந்தூரு?" "செஞ்சி பக்கம்." "செஞ்சில எங்க?" சொன்னதும், "அட, எங்க சின்னம்மாவக் குடுத்த ஊருக்குப் பக்கத்தூரு. அப்ப நீ எனுக்குத் தம்பி மொற ஆவணும்" என்று தீர்ப்பாகிவிடும். அதன்பிறகு அந்த இளைஞர் எந்தக் கடையில் நின்றாலும், என்ன வாங்கினாலும், அக்கா முறையில் கேள்வி வரும். தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ஆயா, பெரிம்மா, அத்தை, அண்ணி, தம்பி. ஆசை மிகுந்தால் எந்த வயதுப் பிள்ளையும் "எஞ்சாமி".

இந்த அன்பைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. 'எந்தூரு' என்ற கேள்விக்குப் பின்னால் 'எந்தத் தெரு' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி முறை கண்டுபிடிக்க அல்ல, சாதி கண்டுபிடிக்க. பதில் காலனி என்று வந்தால், அத்தையும் அண்ணியும் அங்கேயே நின்றுவிடும், வீடு காலியில்லை என்று ஆகிவிடும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரின் பேச்சைப் பற்றி, அதன் வேடிக்கையைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தாண்டி நடந்துவிட முடியாது. ஊருக்கும் காலனிக்கும் பேச்சில் வேறுபாடு மிகக் குறைவு. அதே 'இன்னா', அதே 'வரன்', அதே மல்லாட்டை. ஒரே சொல்லைப் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் ஒரே முறைச்சொல்லால் கூப்பிடவில்லை என்பதுதான் இங்கே தீராத துயரம். கல்லூரி விடுதியிலும் பனியன் கம்பெனி அறையிலும் இளைஞர்கள் அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவரையொருவர் 'மச்சான்' என்கிறார்கள். அந்த மச்சான் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதும் கூடவே வர வேண்டும்.

1993 செப்டம்பர் 30 வரைக்கும் இந்த ஊர்களெல்லாம் தென்னார்க்காடு மாவட்டம், எல்லாவற்றுக்கும் கடலூர் போக வேண்டும். பின்பு விழுப்புரம் தனி மாவட்டமாகி, 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தது. எல்லைகள் மாறினாலும் எழுத்தாளர்கள் இந்த நிலத்தை நடுநாடு என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். த. பழமலய் 1988இல் 'சனங்களின் கதை' கொண்டுவந்தபோது, நம் அம்மாவும் அப்பாவும் பேசுகிறபடியே கவிதை எழுதலாம் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. தங்கர் பச்சான் இந்தப் பக்கத்து மண்ணையும் வாயையும் திரைக்குக் கொண்டுபோனார். கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே, நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார், 2007இல் வெளிவந்தது. கி. ராஜநாராயணன் கரிசலுக்குச் செய்ததை நடுநாட்டுக்கு ஒரு பணிமனைத் தொழிலாளி செய்தார் என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

இவ்வளவு நடந்த பிறகும் கூச்சம் போகவில்லை. வெள்ளிக்கிழமை இரவு சென்னைப் பக்கத்திலிருந்து திண்டிவனம் வரும் பஸ்ஸில் பாருங்கள். பக்கத்து சீட்டுப் பெண் அலுவலகத்து ஆளிடம், "ஓகே, நான் செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்று அளந்து பேசுவார். போனை வைத்த கையோடு அம்மாவைக் கூப்பிடுவார். "யம்மா, மேல்மருவத்தூராண்ட வந்துகினு இருக்கன். சோறு வெச்சிரு. இன்னா கொழம்பு?" முகமே மாறிவிடும், தோள் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பேச்சின்போது அவர் கையால் வாயை மறைத்துக்கொள்கிறார். மறைக்க அதில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் யாராவது பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கூச்சமில்லாமல் கூப்பிட்டுக்கொண்ட நாட்களும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. மயிலத்தில் மறுநாள் காலைக்குள் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2இல் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை இரண்டு கரையையும் தின்றது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனெல்லாம் செத்துக் கிடந்தன. அப்போது மாடிக்கு மாடி கூப்பிட்டுக்கொண்டோம். "யக்கோவ், மாத்திர இருக்குதா?" "பெரிம்மோவ், பச்ச புள்ளக்கிப் பாலு வேணுமாம், யார் ஊட்டுல மாடு கறந்துது?" ஒரு மாடியில் கேட்டது அடுத்த மாடியில் திருப்பிச் சொல்லப்பட்டு, நாலாவது மாடியிலிருந்து பதில் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் தூக்குச்சட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒருவர் போனார். யாரோ, "மெதுவாப் போ மாமா, கொழம்பு தளும்புது" என்றார்கள். அந்த நேரத்திலும் மாடியெல்லாம் சிரித்தது.

இந்தப் பேச்சையும் யாராவது தொகுக்க வேண்டும். கண்மணி குணசேகரனின் அகராதி அவர் பிறந்து வளர்ந்த விருத்தாசலம் பக்கத்து நாக்கில் வேர்கொண்டது. வடக்கே திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பக்கத்துப் பேச்சுக்கும் அதே பொறுமையோடு யாராவது உட்கார வேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவர்கள், கரையில் வலை பின்னுகிறவர்கள், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் கடை போடுகிறவர்கள், பாரதக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு சொற்கட்டு இருக்கிறது. கட்டியங்காரன் மேடையில் அந்தந்த ஊரின் பேச்சை எடுத்து அந்தந்த ஊருக்கே திருப்பிக் காட்டுகிறவன். அவனிடமிருந்து தொடங்கினாலே ஒரு நோட்டு நிறையும்.

தெரிந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இந்தச் சொல் தேடலைச் செய்து பார்த்தார். உங்கள் ஆயா சொல்லும் சொல் ஒன்று கொண்டுவாருங்கள் என்றார். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஒரு பையன் எழுந்து 'கேவுரு' என்றான். பின்பெஞ்சிலிருந்து உளுந்தூர்பேட்டைப் பெண், "எங்கூர்ல அது கேவரகு சார், அவன் தப்பா சொல்றான்" என்றாள். "தப்புலாம் இல்ல, எங்காயா அப்பிடித்தான் சொல்லும், நீ வந்து கேளு." "எங்காயாவ வந்து நீ கேளு." மணி அடித்தது. அடுத்த பாடத்துக்கு ஆசிரியர் வந்து வாசலில் நின்றார். இரண்டு பேரும் உட்காரவில்லை. வகுப்பு முழுக்க ஆளுக்கொரு ஆயாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.